பில்லின் கால்

பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவர் பட்டாளத்தைக் கேலி செய்து எழுதினால், அந்தக் கேலிக்கு ஒரு தனிக் காரம் உண்டு. செக் நாட்டு ஹாஷெக்கின் ஷ்வெய்க்கைப் படித்தவர்களுக்கு இது தெரியும். அமெரிக்கரான ஜோசப் ஹெல்லரின் 'காட்ச் 22' நாவலைப் படித்தவர்களுக்கும் தெரியும். அந்த வரிசையில் விஞ்ஞானக் கதாசிரியர் ஒருவரையும் உட்கார வைக்க வேண்டும் என்று நான் சொன்னால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். விஞ்ஞானக் கதை என்றாலே ராக்கெட்டும் பச்சை நிற மனிதர்களும், பள்ளிக்கூடப் பையன்கள் படிக்கிற சமாசாரம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. ஹாரி ஹாரிஸனின் 'பில், தி கலாக்டிக் ஹீரோ'வை அப்படித் தள்ளிவிட முடியாது.

1965-ல் வெளிவந்த சிறிய நாவல் இது. ஒரே ராத்திரியில் படித்து முடித்துவிடலாம். இருபத்து நான்கு வருஷங்கள் கழித்து இதற்கு ஒரு தொடர்ச்சி வந்தது. அப்புறம் மளமளவென்று இன்னும் ஐந்து. ஏழும் சேர்ந்து இன்று 'பில் வரிசை' என்று வழங்குகின்றன. முதல் புத்தகத்தின்மேல் எனக்கு உள்ள மதிப்பும், மற்ற ஆறின்மேல் உள்ள மனத்தாங்கலும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை. அந்தக் காரணம் பில்லின் கால்.

ஹாரிஸன் இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவில் வேலை பார்த்தவர். துப்பாக்கிகளின் குறிபார்க்கும் கருவிகளைப் பழுது பார்ப்பதும், சுடுவதற்குப் பயிற்சி கொடுப்பதும் அவருடைய வேலை. பட்டாள வாழ்க்கையை அடியோடு வெறுத்ததை அவர் ஒளித்ததே இல்லை. 1959-ல் ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' வந்தது. வருங்காலத்தில் ஒரு பையன் படையில் சேருகிறான். அடியும் உதையும் பட்டு முழு மனிதனாகிறான். ஹைன்லைன் கெட்டிக்கார எழுத்தாளர். படிக்கும்போது நமக்கே எழுந்து நின்று ஸல்யூட் அடிக்கலாம் போலிருக்கும். ஹாரிஸனுக்கு அந்தப் புத்தகத்தைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பதிலாக அவர் எழுதிய கதையிலும் ஒரு பையன் படையில் சேருகிறான். இவனிடம் இருந்த கொஞ்சநஞ்ச மனிதத்தன்மையையும் படை உரித்து எடுத்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பில் ஒரு கிராமத்துப் பையன். எங்கோ ஒரு கிரகத்தில், இயந்திரக் கழுதையைப் பூட்டி ஏர் உழுதுகொண்டிருக்கிறான். தபால் மூலம் படித்து உரம் போடும் தொழிலில் நிபுணனாக வேண்டும் என்பது அவனுடைய வாழ்க்கை லட்சியம். பாண்டு வாத்தியம் முழங்க வருகிறார் ஆள் பிடிக்கும் சார்ஜெண்ட். மருந்து கலந்த பானம் ஒன்றை ஊற்றிக் கொடுக்கிறார். பையன் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். பிறகு பயிற்சி முகாம். அங்கே டெத்விஷ் டிராங் என்று ஒரு பயிற்சியாளர். பார்ப்பவர்கள் நடுங்குவதற்காக வாயில் கோரைப் பற்களை வைத்துத் தைத்துக்கொண்டவர்.

முகாமில் உள்ளவர்களில் ஒரே ஒருவன்தான் நல்லவன். ராத்திரியெல்லாம் கண் விழித்து மற்றவர்களுடைய பூட்ஸுக்கெல்லாம் பாலிஷ் போட்டு வைக்கிறான். யார் என்ன சொன்னாலும் சிரித்த முகம். கடைசியில் பார்த்தால் அவன் எதிரியின் ஒற்றன்! மனித உருவில் செய்த இயந்திரத்துக்குள்ளே உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டிப் பல்லி. சிங்கர்கள் என்ற அந்த எதிரிகள் ஏழடி உயர ராக்ஷசர்கள் என்பது சர்க்கார் செய்யும் பிரசாரம். நிஜத்தில் அவர்கள் ஏழு அங்குலம். இந்த அங்குலக் கணக்குக்கு எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பூட்ஸ் பாலிஷ்தான் பெரிதாகப் பட்டது. அத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் பிறருக்கு உதவி செய்கிற ஒருவன் இருந்தால், அவன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருக்க முடியாது என்பதை ஹாரிஸன் ஒரு விகடத் துணுக்குப் போலப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

விண்கப்பலில் நடந்த சண்டையில் பில் கண்மண் தெரியாமல் பித்தானை அமுக்குகிறான், எதிரிக் கப்பல் வெடிக்கிறது, அவன் வீரனாகிவிடுகிறான். அந்தச் சண்டையில் அவன் இடது கை போய்விடுகிறது. வைத்தியர்கள் செத்துப்போன சிநேகிதனுடைய வலக் கையை எடுத்து அவனுக்கு ஒட்ட வைக்கிறார்கள். இனிமேல் அவனுக்கு இரண்டும் வலக் கை. பதக்கம் வாங்கத் தலைநகரான ஹீலியாருக்குப் போகிறான். உலகம் முழுவதையும் உலோகத்தால் மூடிக் கட்டிய நகரம் அது. ஐஸக் அஸிமாவின் டிராண்டர் நகரத்தைப் படித்து வாய் பிளந்தவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய நகரத்தின் குப்பையை எங்கே கொட்டுவது என்று அஸிமாவ் கவலைப்படவில்லை, ஹாரிஸன் கவலைப்பட்டிருக்கிறார். குப்பையைப் பார்சல் கட்டி, முகவரிப் புத்தகத்தைப் பார்த்து முன்பின் தெரியாதவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று பில் யோசனை சொல்கிறான். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் இது நகராட்சிக் கேலி; பட்டாளக் கேலி அல்ல. நாவலின் நடுப்பகுதி இப்படிக் கொஞ்சம் வழி தவறி அலைகிறது.

கடைசிப் பகுதியில் ஹாரிஸன் மறுபடி பாதைக்கு வந்துவிடுகிறார். சதுப்பும் மழையுமான ஒரு நரகக் கிரகத்துக்கு பில்லைத் தள்ளிவிடுகிறார்கள். அங்கிருந்து உயிரோடு திரும்ப அங்கஹீனம் ஒன்றே வழி. பில் துப்பாக்கியை எடுத்துத் தன் காலையே சுட்டுக்கொள்கிறான். ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம். அதற்குமேல் அதைப் பற்றி ஆசிரியர் பேசுவதில்லை. இதுவரை சிரித்துக்கொண்டு வந்த நமக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிடுகிறது. அப்புறம் அவனே ஆள் பிடிக்கும் சார்ஜெண்டாகிறான். டிராங்கின் கோரைப் பற்கள் இப்போது அவன் வாயில். ஒரு கிரகத்தில் பாண்டு வாத்தியத்தோடு போய் இறங்கி, தன் சொந்தத் தம்பி சார்லியையே பிடித்துக்கொண்டு போகிறான். ஓர் ஆளைச் சேர்த்தால் அவனுடைய சேவைக் காலத்தில் கொஞ்சம் குறையும். தாயார் அழுகிறாள். அதோடு புத்தகம் முடிகிறது.

வியத்நாம் யுத்தத்தில் இருந்துவிட்டு வந்த சிப்பாய் ஒருவர் ஹாரிஸனைத் தேடி வந்து, பட்டாளத்தைப் பற்றி உண்மையைச் சொல்லும் புத்தகம் இது ஒன்றுதான் என்றாராம். பல்லி ஓட்டும் இயந்திர மனிதனும் குப்பைப் பார்சலும் உள்ள புத்தகத்தைப் பார்த்து இப்படிச் சொன்னார் என்பதை விமரிசகர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி அந்த ஆறு புத்தகங்கள். 1989-ல் வந்த தொடர்ச்சியில் பில் மறுபடி சாதாரணச் சிப்பாய். தம்பியும் இல்லை, தாயின் கண்ணீரும் இல்லை. கால் மட்டும் இருக்கிறது. அதாவது, இல்லாமல் இருக்கிறது. சுட்டுக்கொண்ட காலுக்குப் பதிலாக ஒரு பெரிய கோழிக் கால் அவனுக்குக் கிடைக்கிறது. அது முதல் அவனுடைய கால் ஒரு நிரந்தர வேடிக்கையாகிவிடுகிறது. வேறு வேறு விதமான கால் வரும், போகும். நாமும் 'இந்தத் தடவை என்ன கால்?' என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். உயிர் பிழைப்பதற்காக ஒருவன் தன் உடம்பையே சுட்டுக்கொண்ட காரியம், புது ஜோடி செருப்பு வாங்கிய சங்கதி போல ஆகிவிட்டது.

ஒன்றை ஹாரிஸன் தனியாக எழுதினார். மற்றவற்றை வேறு எழுத்தாளர்களோடு சேர்ந்து எழுதினார். அவர்களில் ராபர்ட் ஷெக்லி அசல் ஹாஸ்யக்காரர். அவருடைய சிறுகதைகளுக்கு நான் அடிமை. ஆனால் அவர் கை வைத்த புத்தகத்திலும் கேலியின் குறி மாறிவிட்டது. பட்டாளத்தை விட்டுவிட்டு மற்ற விஞ்ஞானக் கதைகளையும் டெலிவிஷன் தொடர்களையும் பரிகாசம் செய்யப் போய்விட்டார்கள். எழுத்தாளனை எழுத்தாளன் பரிகாசம் செய்வதில் யாருக்கு வலிக்கப்போகிறது?

தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. பாத்திரம் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் பத்திரிகைக்காரர் விடமாட்டார், வாசகர்களும் விடமாட்டார்கள். 'அவனை மறுபடி கொண்டு வாருங்கள்' என்று கடிதம் வரும். துப்பறிகிறவனை மறுபடி கொண்டு வரலாம். அவனுக்கு அடுத்த கொலை காத்திருக்கிறது. பில் தம்பியைப் பிடித்துக் கொடுத்துவிட்டவன். அவனை மறுபடி கொண்டு வருவதானால், அவன் செய்ததை நாம் மறந்தாக வேண்டும். மறக்கச் சொல்கிற ஹாஸ்யம் எனக்கு வேண்டியதில்லை.

அப்படியானால் பட்டாள ஹாஸ்யத்தில் வரிசையாகப் புத்தகம் போடவே முடியாதா? ராபர்ட் ஆஸ்பிரின் போட்டுக் காட்டியிருக்கிறார். அவரும் அறுபதுகளில் சிறிது காலம் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். ஆனால் கோபத்தோடு திரும்பியவராகத் தெரியவில்லை. 1990-ல் வந்த 'ஃபூல்ஸ் கம்பெனி'யின் நாயகன் வில்லார்ட் ஃபூல். குடும்பப் பெயர்தான், காதால் கேட்டால் ஆங்கிலத்தில் முட்டாள் என்று அர்த்தம். ஆயுதத் தொழிற்சாலை முதலாளியின் மகன், கோடீசுவரன். சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகும் இடம் என்று தெரியாமல் அங்கே சுட உத்தரவு போட்டுவிடுகிறான். அதற்குத் தண்டனை: பதவி உயர்வு! யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்பெனி ஒன்றுக்கு அவனைக் காப்டனாக்கி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தக் கம்பெனியில் இருப்பவர்கள் எல்லாம் உதவாக்கரைகள். காட்டுப்பன்றி முகமுள்ள ஒருவன் ராத்திரியெல்லாம் புத்தகம் படிக்கிறான். அரையடி நகரவே சிரமப்படும் நத்தை போன்ற இரண்டு ஜீவன்களும் சிப்பாய்கள். இவர்களை ஃபூல் அதட்டித் திருத்துவதில்லை. நல்ல சாப்பாடு போடுகிறான், நல்ல உடுப்புத் தைத்துக் கொடுக்கிறான், ஓடுகிறவன் நகர முடியாதவனைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்கிறான். நடுநடுவே வேலைக்காரர் பீக்கர் எழுதும் நாட்குறிப்பு. வுட்ஹவுஸின் ஜீவ்ஸைத் தெரிந்தவர்களுக்கு பீக்கரை உடனே பிடித்துப் போகும். இந்தச் சிரிப்பில் முள் கிடையாது. நம்மை ஒருவர் மதித்து நடத்தினால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம்தான் இதன் அடியில் ஓடுகிறது. ஆபீசில் வேலை பார்க்கிற எவருக்கும் அது புரியும். யாரும் எதையும் பெரிதாக இழப்பதில்லை. ஆகையால் அடுத்த புத்தகத்தில் எதையும் மறக்கச் சொல்ல வேண்டிய அவசியமும் ஆசிரியருக்கு இல்லை.

ஒரு குறை மட்டும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்ற பக்கம் ஆஸ்பிரின் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தகப்பனார் விற்ற குண்டு யார் வீட்டில் விழுந்ததோ, அந்தக் காசில் இங்கே விருந்து நடக்கிறது. ஹாரிஸன் கையில் இது கிடைத்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டார்.

வாங்கிப் படிக்க நினைப்பவர்களுக்கு: ஃபூல் வரிசையில் முதல் இரண்டைத் தயங்காமல் வாங்கலாம். 1999-க்குப் பிறகு வந்தவை ஆஸ்பிரினும் பீட்டர் ஹெக்கும் சேர்ந்து எழுதியவை; ரயில் பிரயாணத்துக்கு உதவும். பில் வரிசையில் 1965-ஐத் தாண்ட வேண்டாம். ஷெக்லியின் ரசிகர்கள் மட்டும் அவர் சேர்ந்து எழுதியதை ஒரு நாள் கடன் வாங்கிப் பார்க்கலாம்.