தாடிக்குக் கீழே நாலு விரற்கடை

கடையநல்லூரில் தாடி வைத்தவருக்குச் சவரம் என்றால் கழுத்துதான். கன்னத்தில் கத்திக்கு வேலையில்லை. தாடைக்குக் கீழே ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து குரல்வளையைத் தாண்டிச் சட்டைக் காலர் வரை நாலு விரற்கடை இடம். ஜும்ஆவுக்குக் கிளம்புமுன் சுத்தமாக இருக்கவேண்டியது அவ்வளவுதான். ஆனால் சவரத்தில் ஆகப் பொல்லாத இடமும் அதுவேதான். தோல் தளர்ந்திருக்கும், நடுவில் எலும்பு துருத்தும், பக்கத்தில் பள்ளம் விழும், கண்ணாடியில் சரியாகத் தெரியவும் செய்யாது.

ரேசர் சோதனைக்குக் கழுத்தைக் கொடுத்தவர் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். வயது 52. "பேரு போட வேண்டாம், கழுத்தை மட்டும் போட்டுக்கிடுங்க" என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. பத்து வருடமாக மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜில் வழித்து வந்தவர். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் மிளகைத் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். நடுவே நாலைந்து சிவந்த கொப்புளங்கள். கஞ்சி போட்ட காலர் உரசினால் எரியும். வேர்த்தால் இன்னும் எரியும். துபாயில் இருக்கும் மைத்துனர் போன தடவை வந்தபோது, பித்தளையில் குரோம் பூசிய சேஃப்டி ரேசர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அது பெட்டியிலிருந்து வெளியே வரவே இல்லை. மூன்று வாரம், ஒன்றுவிட்டு ஒரு நாள், அந்த ரேசரை மட்டுமே பயன்படுத்துவது என்று ஏற்பாடு.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். சுருட்டை முடியை வெட்டினால் முனை ஈட்டிபோலக் கூராகிவிடும். அது வளரும்போது வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பக் குத்தும். உடம்புக்கு அது முள் தைத்த மாதிரிதான்; சண்டைக்குப் போகிறது. வீக்கம், சிவப்பு, சில சமயம் சீழ், கடைசியில் கரும்புள்ளி. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தப் புள்ளி மாதக்கணக்கில் போகாது. தோல் மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பக்கம் வழித்து முடித்துவிடலாம்.

இதில் பல பிளேடு ரேசருக்கும் பங்கு உண்டு. ஜில்லெட் நிறுவனம் 1971இல் ட்ராக் டூ என்று இரட்டை பிளேடைக் கொண்டுவந்தது. 1998இல் மாக் த்ரீ. 2006இல் ஃப்யூஷன், அதில் ஐந்து பிளேடு. முதல் பிளேடு முடியைப் பிடித்து இழுக்கும்; அது உள்ளே ஓடுவதற்குள் அடுத்தது அறுக்கும். மிச்ச முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். நேரான முடிக்கு அதனால் வழவழப்பு கிடைக்கும். சுருட்டை முடிக்கு, அதுவும் கழுத்தில், அதுவே வினை. ஒற்றை பிளேடு முடியைத் தோல் மட்டத்தோடு வெட்டி விட்டுவிடுகிறது. சேஃப்டி ரேசரைத் தேடிப் போவதற்கு இந்த ஒரு காரணம் போதும். பழைய காலத்து அழகு, ஆண்மையின் அடையாளம் என்று விளம்பரக்காரர்கள் சேர்க்கும் மசாலா எல்லாம் தேவையில்லை.

ரேசரைக் கழற்றினால் மூன்றே துண்டு: மேலே வளைந்த மூடி, நடுவில் பல் வைத்த அடித்தட்டு, கீழே மரை போட்ட கைப்பிடி. பிளேடை மூடிக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்துப் பிடியைத் திருகும்போது, தட்டையான பிளேடு லேசாக வில்போல வளைகிறது. அந்த வளைவுதான் 0.1 மில்லிமீட்டர் தகட்டுக்கு விறைப்பைக் கொடுப்பது. விளிம்பு மட்டும் ஒரு நூல் அளவு வெளியே எட்டிப் பார்க்கும். கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை வாங்கிய ரேசரின் அமைப்பு ஏறத்தாழ இதேதான். அதற்கு முந்தைய வருடம், விற்பனையின் முதல் வருடத்தில், அவரிடம் விற்றவை 51 ரேசரும் 168 பிளேடும் மட்டுமே. 120 வருடத்துக்குப் பிறகும் அந்த வடிவத்தில் பெரிதாகக் கை வைக்கத் தேவைப்படவில்லை.

பாய் முதல் நாளே அடித்தட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டார். பிளேடு வளையாமல் தட்டையாக நின்றது. விரலில் தட்டிப் பார்த்தபோது 'டிங்' என்று அதிர்ந்ததால் தப்பித்தார். அப்படியே கழுத்தில் வைத்திருந்தால் கதை வேறு. வாங்குபவர்கள் மாட்டும் விதத்தை நாலு தடவை பிளேடு இல்லாமலே பழகிக்கொள்வது நல்லது. பிளேடைப் பிடிக்கவேண்டியது அதன் குட்டைப் பக்கத்தில்தான்.

அடுத்தது கனம். கையில் வைத்தால் கிட்டத்தட்ட 80 கிராம், தலைப்பக்கம் சற்றுக் கூடுதல். கார்ட்ரிட்ஜ் பழக்கக்காரர்கள் அழுத்துவார்கள். பிளாஸ்டிக் பிடிக்குக் கனமில்லாததால் கை தானாக அழுத்தும். இங்கே ரேசரின் கனமே வேலையைச் செய்துகொள்கிறது. கை அதை விழாமல் பிடித்திருந்தால் போதும். மூடியைக் கழுத்தில் படுக்கவைத்து, பிளேடு தொடும்வரை பிடியை மெல்ல இறக்கினால், தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே 30 டிகிரி போல வரும். சரியான சாய்வு கிடைத்தால் அறுவைச் சத்தம் காதில் விழும், காய்ந்த ஓலையைக் கீறுவது மாதிரி. சத்தம் நின்றால் சாய்வு தப்பிவிட்டது என்று அர்த்தம். பாய்க்கு இது பிடிபட நாலு சவரம் ஆனது. அதற்குள் தாடை முனையில் இரண்டு கீறல்.

ஆனால் எரிச்சல் குறைந்தது ரேசரால் மட்டுமல்ல. இரண்டாவது வாரம் ஒரு துண்டுப் பஞ்சு செய்த காரியம் அது.

இரண்டு நாள் வழிக்காமல் விட்டு, உலர்ந்த பஞ்சை எடுத்துக் கழுத்தில் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பக்கவாட்டில் என்று நாலு திசையிலும் மெல்ல இழுத்துப் பார்க்கச் சொன்னோம். முடி சாய்ந்த பக்கமாகப் போனால் பஞ்சு வழுக்கும். எதிர்த்துப் போனால் இழை மாட்டும். வலது கழுத்தில் குரல்வளை வரை முடி கீழ்நோக்கி, எல்லோரும் நினைப்பதுபோலத்தான் இருந்தது. அதற்குக் கீழே காதுப் பக்கமாகப் படுத்திருந்தது. இடது பக்கம் காலருக்கு மேலே முடி மேல்நோக்கி வளர்ந்திருந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சுழி. தலையில் சுழி எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், இரட்டைச் சுழி என்றால் இரண்டு கல்யாணம் என்று கேலிகூடச் செய்வார்கள். கழுத்துச் சுழிக்கு எந்த ஜோசியமும் இல்லை, எரிச்சல் ஒன்றுதான் பலன்.

முப்பது வருடமாக பாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழித்திருக்கிறார்: முதலில் மேலிருந்து கீழே, பிறகு வழவழப்புக்காகக் கீழிருந்து மேலே. இடது காலரோரம் முதல் இழுப்பே முடிக்கு எதிர் இழுப்பாக இருந்திருக்கிறது. புள்ளிகள் அதிகம் கிடந்ததும் அங்கேதான்.

அன்றிலிருந்து முறை மாறியது. குளித்து முடித்ததும் சவரம்; இரண்டு மூன்று நிமிடமாவது முடி நீரில் ஊறினால்தான் மெத்தென்று வெட்டுப்படும். வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பேனா என்கிறது. நுரை கட்டுவதற்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டார். பிரஷை நனைத்து, உதறி, வட்ட டப்பா சோப்பில் சுழற்றி, கழுத்தில் தயிர்ப்பதம் வரும்வரை. இழுப்பு ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் சுற்று முடி சாய்ந்த வாக்கில். மறுபடி நுரை, இரண்டாம் சுற்று குறுக்குவாக்கில். எதிர்ச் சுற்று கிடையாது. தடவினால் விரலுக்குச் சொரசொரப்பு கொஞ்சம் தட்டுப்படும். அது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

குரல்வளைக்கு ஒரு உபாயம் உண்டு. எச்சிலை விழுங்கினால் முடிச்சு மேலே ஏறும், அந்த ஒரு கணம் தோல் சமமாகும். அதைவிட எளிது, இடதுகை விரலால் தோலைப் பக்கத்துச் சமதளத்துக்கு நகர்த்தி அங்கே வைத்து வழிப்பது. நகர்த்தலாம், விறைக்க இழுக்கக்கூடாது. இழுத்துப் பிடித்து வெட்டிய முடி விட்டதும் உள்ளே பதுங்கும், பழைய கதை திரும்பும்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர். பிறகு சலூனில் போடுவார்களே, அதே படிகாரக் கல். கிருமிக்கும் சின்னக் கீறலுக்கும் நல்லது என்பது தெரிந்த கதைதான். ஆனால் இங்கே அதற்கு வேறொரு உத்தியோகம் இருக்கிறது. எங்கே அழுத்தினோமோ அங்கே மட்டும் சுரீர் என்று காட்டிக்கொடுத்துவிடும். முதல் வாரம் பாய்க்குக் கழுத்து முழுக்கச் சுரீர். மூன்றாவது வாரம் இடது ஓரத்தில் மட்டும். அத்தர் விஷயத்தில்தான் ஒரு சிறு தகராறு. வழித்த சூட்டோடு கழுத்தில் அத்தர் தடவுவது பாயின் வழக்கம். ஆல்கஹால் இல்லாவிட்டாலும் வாசனை எண்ணெய் புதுத்தோலில் பட்டால் எரிக்கும், கறுக்கவும் வைக்கும். சட்டையில் பூசிக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனது.

போட்டியாளர்களையும் பார்க்காமல் இருக்க முடியாது. ஜில்லெட் கார்டு ரேசர் பிறந்த கதை சுவையானது. அதற்கு முன்னால் இந்தியாவுக்கென்று செய்த வெக்டர் ரேசரை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவுக்கு வந்ததும் ரேசர் தலையில் முடி அடைத்துக்கொண்டது. மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் ஓடியது. இங்கே முற்றத்தில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரில் காரியத்தை முடிப்பவர்கள் ஏராளம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பாடம் கற்றுக்கொண்டு 2010இல் ஒற்றை பிளேடோடு கார்டு வந்தது, ரேசர் 15 ரூபாய், மாற்றுத்தலை 5 ரூபாய். கழுத்துக்கு அது மோசமில்லை. கண்றாவியாகக் கீறாது, தலை வளைந்துகொடுக்கும், பழக ஒரு நாள்கூட வேண்டாம். கனம் இல்லை என்பதுதான் குறை. கை பழையபடி அழுத்தப் பார்க்கிறது. சேஃப்டி ரேசரோ இரண்டு பக்கமும் திறந்தது, அதே ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் முடியெல்லாம் போய்விடும்.

பிளேடு விஷயத்தில் சிக்கனம் கூடாது. 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் ஒன்றைக் காட்டினார்கள். முடியைவிட பிளேடு எஃகு சுமார் 50 மடங்கு கடினம். ஆனாலும் முடி சாய்ந்து வந்து மோதும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. அந்தச் சில்லு போன பல்தான் கழுத்தில் இழுக்கும் பல். பாய்க்கு ஐந்தாவது சவரத்திலேயே இழுவை தெரிந்தது. ஒரு பிளேடின் விலை ஒரு டீக்குக்கூட வராது. ஐந்தோடு தூக்கிப் போடலாம். போடும் இடம்தான் பிரச்சினை. குப்பை அள்ளுபவரின் கை கிழியும். மூடியில் கீறல் போட்ட பழைய தகர டப்பாவில் சேர்ப்பது உத்தமம்.

இனி ரேசரின் குறைகள். பெரிய குறை, அதன் மூடி கண்ணை மறைக்கிறது. தாடிக்காரருக்கு உயிரே அந்தக் கோடுதான். மூடிக்கு அடியில் பிளேடு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கோடு போட்டால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். பாய் ஒரு தடவை இடது பக்கம் அரை விரல் மேலே ஏற்றிவிட்டார். சரிசெய்ய வலது பக்கத்தையும் ஏற்றினார். அந்த வாரம் வீட்டில் பேச்சு அதுதான். கோடு போட சலூன்காரரின் மடக்குப் பிடியில் செருகிய அரை பிளேடுக்கு நிகர் இல்லை. விளிம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது குறை, சோப்புக் கையில் குரோம் பிடி வழுக்குகிறது. வரி வெட்டிய பிடியாகப் பார்த்து வாங்குவது மேல். மூன்றாவது, நேரம். கார்ட்ரிட்ஜில் நாலு நிமிட வேலை இதில் பன்னிரண்டு.

நாலாவது குறை இந்த ஊருக்கே உரியது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலேயே தொடங்கப்பட்டுவிட்டது என்றால், இங்கே எத்தனை தலைமுறையாக வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரோ வளைகுடாவோ, விமானத்தில் கைப்பையில் தனி பிளேடு போகாது. பெரிய பெட்டியில்தான் போடவேண்டும். கைப்பையோடு மட்டும் போய்வருகிறவர்களுக்குக் கார்ட்ரிட்ஜ்தான் வழி.

மூன்று வாரம் முடிந்தபோது கணக்கு இப்படி: புதுக் கொப்புளம், கடைசி பத்து நாளில் ஒன்றுகூட இல்லை. பழைய புள்ளிகள் அப்படியேதான் இருக்கின்றன. அவை போக மாதங்கள் ஆகும், ரேசருக்கு அதில் சம்பந்தமில்லை. காலர் எரிச்சல் போய்விட்டது. சுருட்டை முடி, கழுத்தில் கொப்புளம், காலையில் கால் மணி நேரம், இந்த மூன்றும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கொப்புளமே வராதவர்கள் கையில் இருப்பதை விட்டுவிட்டு இதற்கு மாறவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. சீழ் வைத்த கழுத்து என்றால் ரேசர் கடைக்குப் போகுமுன் தோல் மருத்துவரிடம் போகவேண்டும்.

நாலாவது வெள்ளி காலை, கோடு போட பாய் சலூனுக்குப் போனார். செவ்வாயும் வெள்ளியும் சவரம் ஆகாது என்பது ஊரில் ஒரு பாதியின் கணக்கு, ஜும்ஆவுக்கு முன் ஆகவேண்டும் என்பது மறுபாதியின் கணக்கு; அதனால் கூட்டம் பாதிதான். சலூன்காரர் நாடியை நிமிர்த்தி, விளக்கைக் கிட்டே இழுத்து, கட்டைவிரலால் கழுத்தைத் தடவிக்கொண்டே போனார். விரல் இடது காதுக்குக் கீழே வந்து நின்றது.

"எல்லாம் சரி பாய். இங்கன நாலு முடியை விட்டுட்டியளே."

"அது எதிர்வாக்கு அண்ணாச்சி. பயந்துட்டு விட்டுட்டேன்."

"இருக்கட்டும், அசையாதீய" என்று அவர் அரை பிளேடை மாட்டினார்.