மேல்காற்றும் பிஜித் தீவும்

ஆடியில் மேல்காற்று கிளம்பிவிட்டால் எப்போதும்வென்றான் ஊர்க் கரிசல் காட்டில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. இதே காற்றடிக்கும் எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதி, இளமையில் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1819-இல் பாடியதும் மேல்காற்றைத்தான். தன் சொற்களை மனிதரிடையே தூவும்படி அதனிடம் வேண்டினார். பாரதி காற்றிடம் கேட்டது வேறு.

'கரும்புத் தோட்டத்திலே' பாட்டைச் சொல்கிறேன். 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் போயிற்று. அங்கே வதைபட்ட பெண்களுக்கான பாட்டு அது. பாரதி அந்தத் தீவைப் பார்த்ததில்லை. அதனால் பார்த்ததுபோல் வருணிக்கவும் இல்லை. அவர்கள் அழுததை நீ கேட்டிருப்பாயே, அதை எனக்குச் சொல்ல மாட்டாயா என்று காற்றை விசாரிக்கிறார். அந்த இடத்தில் அழுகையைக் குறிக்கும் ஒரே சொல்லை நான்கு முறை அடுக்குகிறார். வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பாடுகிறவருக்கே மூச்சு முட்டும். அடுத்த கணமே, அழக்கூடத் தெம்பில்லாமல் போனார்கள் என்கிறார். தமிழில் இவ்வளவு குறைந்த சொல்லில் இவ்வளவு வலியை ஏற்றிய இடங்கள் எனக்கு அதிகம் தெரியாது.

பார்க்காத நாட்டைப் பாடியவர்கள் வேறும் உண்டு. ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சவுதி 1810-இல் 'கெஹாமாவின் சாபம்' எழுதினார். நம் மாமல்லபுரம்கூட அதில் கடலுள் மூழ்கிய மாயநகரமாக வருகிறது. அவரும் இந்தியாவுக்கு வந்தவரில்லை. அதில் அரக்கர், சாபம், ஜொலிப்பு எல்லாம் உண்டு. வயலில் குனிந்து வேலை செய்கிற ஒரு மனுஷியைத் தேடினால் கிடைக்கமாட்டாள். முன்னுரையிலோ இந்து சமயத்தைக் கடுமையாகப் பழிக்கிறார். அவரைவிட வேர்ட்ஸ்வொர்த் மேல்: 1798-இல், பனிவெளியில் கைவிடப்பட்ட அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணைத் தானே பேசவிட்டார். பாரதி தன் பெண்கள் வாயில் சொந்தச் சொல் எதையும் வைக்கவில்லை. அந்த அடக்கம் எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது.

ஒரு குறையும் உண்டு. பிஜியின் சொந்த மக்கள் இந்தப் பாட்டில் இல்லவே இல்லை. தீவு ஆளற்ற காடாக நிற்கிறது. அவர்களும் அதே வெள்ளை ஆட்சிக்குள் இருந்தவர்கள்தானே.

கடைசியில் பாரதி காளியைக் கூப்பிடுவதைக் கையாலாகாத முறையீடு என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படிக் கொள்ளவில்லை. தொடக்கத்தில் தெய்வத்திடம் இரக்கம் கேட்டவர், காற்றை விசாரித்து முடித்தபின் இரக்கம் கேட்பதை விட்டுவிடுகிறார். இந்தக் கணமே இந்தக் கொடுமையை நிறுத்த வேண்டும் என்று சாமுண்டி, காளி எனப் பெயர் சொல்லி அவளை அழைக்கிறார். கரிசல் காட்டுக்காரர்கள் அம்மன் கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றி நியாயம் கேட்கும் அதே ஆங்காரம் அந்த அழைப்பில் இருக்கிறது.