ஏடு பார்த்த கண்கள்

தமிழின் பழைய நூல்கள் பனையோலையிலிருந்து அச்சுத்தாளுக்கு ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். மறந்துபோன சங்க நூல்களும் காப்பியங்களும் அந்த நூற்றாண்டில்தான் மறுபடி எல்லார் கைக்கும் வரத் தொடங்கின. இந்த மறுமலர்ச்சி ஒரே நாளில் ஊரெங்கும் பரவிவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் வேர்விட்டு, சென்னையில் தழைத்து, கும்பகோணத்தில் காய்த்தது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அதைக் கொண்டுபோனது பதிப்புக் கலை. ஏட்டைப் பார்த்து, ஒப்பிட்டு, பிழை நீக்கி அச்சேற்றும் அந்தக் கலையை ஒருவர் செய்யக் கண்டு இன்னொருவர் கற்றார். அந்த வழியில் சேலமும் அதன் தலைமாட்டில் நிற்கும் சேர்வராயன் மலையும் குறுக்கிடுகின்றன.

பதிப்பாசிரியர் எதிர்கொண்ட சிக்கலை அறிய ஓர் ஓலையைப் பார்த்தால் போதும். ஓலையில் புள்ளி குத்தினால் இழை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். எகர ஏகாரக் கொம்புகளுக்கும் வேறுபாடு கிடையாது. ஆகவே ஏட்டில் ‘கெரடி’ என்பது போலத் தோன்றும் எழுத்துக் கோவை ‘கொடி’யாகவும் இருக்கலாம், ‘கோடி’யாகவும் இருக்கலாம். யாப்பு தெரிந்தவர் அசை பிரித்துப் பார்ப்பார். ஒற்றை நிரையசை நிற்க வேண்டிய இடமென்றால் கொடி. நேர் நேராகப் பிரிய வேண்டுமென்றால் கோடி. யாப்பு இரண்டுக்கும் இடம் கொடுத்தால் எதுகையைப் பார்ப்பார், உரையைப் பார்ப்பார், இன்னொரு பிரதியைத் தேடுவார். அச்சில் இயல்பாகப் படித்துக்கொண்டே போகும் ஒரு வரிக்குப் பின்னால் இப்படிப்பட்ட தீர்ப்புகள் பல இருக்கின்றன. அவை கண்ணில் படாமல் இருப்பதே பதிப்பின் அழகு.

இந்தக் கலையின் புதிய கட்டம் தொடங்கியது யாழ்ப்பாணத்தில் ஒரு மொழிபெயர்ப்பு மேசையில். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்க முனைந்தபோது, அவருடைய பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த ஆறுமுக நாவலர் துணைநின்றார். மூலத்தோடு ஒப்பிடுவது, ஒரு சொல்லுக்கு நான்கு சொல்லை நிறுத்துப் பார்ப்பது, அச்சுப்படி திருத்துவது எல்லாம் அங்கே அன்றாட வேலை. மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுபோய்த் தமிழ்ப் புலவர் மகாலிங்கையரிடம் காட்டி ஒப்புதல் பெற்றார்கள் என்பது நாவலர் வரலாற்றில் சொல்லப்படுவது. 1848இல் நாவலர் மிஷனை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். சமயத்தில் இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்றார்கள். மேசையில் கற்ற தொழிலை நாவலர் விடவில்லை.

1835இல் அச்சுச் சட்டம் தளர்ந்த பிறகு இந்தியர்களும் தடையின்றி அச்சகம் வைக்க முடிந்தது. நாவலர் 1849இல் சென்னை வந்து அச்சுப்பொறி வாங்கினார். 1851இல் திருமுருகாற்றுப்படையையும், 1861இல் பரிமேலழகர் உரையுடன் திருக்குறளையும் வெளியிட்டார். அவர் பதிப்பைக் கையில் எடுத்தவர்கள் முதலில் மெச்சுவது அதன் சுத்தத்தை. உரைநடையில் நிறுத்தக்குறிகளை அவர் ஆண்ட ஒழுங்கு பிறகு வந்தவர்களுக்கு இலக்கணம்போல் ஆயிற்று.

பெர்சிவலும் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1855இல் ‘தினவர்த்தமானி’ இதழைத் தொடங்கினார். அதை நடத்த யாழ்ப்பாணத்திலிருந்து அவர் அழைத்த இளைஞர் சி.வை. தாமோதரம் பிள்ளை. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் இவர். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் பதிப்பித்தபோது அதைப் பார்வையிட்டுத் தந்தவர் நாவலர். பிறகு வீரசோழியம் 1881இலும் கலித்தொகை 1887இலும் வெளிவந்தன. பதிப்புக் கலைக்குத் தாமோதரம் பிள்ளை தந்தது பதிப்புரை. நூலின் காலம், கிடைத்த ஏடுகளின் நிலை, கட்டை அவிழ்க்கும்போதே ஓரம் உதிரும் ஓலையின் பரிதாபம் எல்லாவற்றையும் வாசகர் முன் விரித்து வைத்தார். அந்த முன்னுரைகளில் ஒலிக்கும் பதைப்பு இன்றும் ஆறவில்லை.

ஐரோப்பிய மறுமலர்ச்சியும் இப்படித்தான் ஊர் கடந்தது. 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்ததற்கு முன்னும் பின்னும் கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு வந்தார்கள். கிரீட் தீவைச் சேர்ந்த மூசூரஸ் போன்றவர்கள் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்தில் கிரேக்க நூல்களைப் பதிப்பித்தார்கள். எராஸ்மஸ் 1508இல் அதே அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு, பின்னாளில் பாசல் நகர அச்சகத்தோடு சேர்ந்தார். வெனிஸுக்குக் கிரீட் எப்படியோ, சென்னைக்கு யாழ்ப்பாணம் அப்படி. நூலை அனுப்பினால் நூல் மட்டும் போய்ச் சேரும். ஆள் போனால்தான் தொழில் போய்ச் சேரும்.

கும்பகோணத்துக்கு அது போய்ச் சேர்ந்ததில் ஒரு சேலத்துக்காரருக்குப் பெரும் பங்கு உண்டு. சேலம் இராமசாமி முதலியார் 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21இல் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர், தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் தெரியுமா என்று கேட்டார். கேட்டதோடு நிறுத்தாமல், ஏட்டிலிருந்து காகிதத்தில் எழுதுவித்து வைத்திருந்த சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்துப் பாடம் சொல்லச் சொன்னார். தமிழ் வாசிப்பின் வரலாற்றில் இதைவிடப் பயன்பட்ட கேள்வி வேறு இல்லை என்றே சொல்லலாம்.

சிந்தாமணி 1887இல் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சாயிற்று. சைனர் வழக்குகள் புரியாதபோது சாமிநாதையர் கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெளிந்தார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். அவர் பதிப்புகளில் நூலாசிரியர் வரலாறு, பிரதிபேதம், அரும்பத அகராதி, மேற்கோள் அட்டவணை என்று ஒவ்வொரு பகுதியும் நூலுக்குள் போக ஒரு வாசலைத் திறக்கிறது. இவற்றில் பிரதிபேதத்தைத் தனியே ரசிக்க வேண்டும். தாம் ஏற்ற பாடத்தை மேலே அச்சிட்டு, ஏற்காததையும் மறைக்காமல் கீழே தருவது வாசகர்மேல் வைக்கும் மரியாதை. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று நீண்ட வரிசை அந்தச் சந்திப்பிலிருந்து கிளைத்தது. முதலியார் 1892இல் மறைந்தார். சாமிநாதையர் 1903இல், பெர்சிவல் முன்பு பணியாற்றிய அதே மாநிலக் கல்லூரிக்குச் சென்றார்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியான பெர்சிவலின் வாழ்வு முடிந்த இடம் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து பயிரிட்ட பிறகு வெள்ளையர் குடியிருப்பாக வளர்ந்த மலையூர் அது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874இல் பெரிய தொகுப்பாக வெளியிட்டிருந்த பெர்சிவல், 1882 ஜூலையில் அங்கே இறந்தார். கும்பகோணத்தில் சாமிநாதையர் அப்போது சிந்தாமணியில் ஆழ்ந்திருந்த காலம்.

பெர்சிவலின் மருமகன் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் குடியேறினார். அவர் கொண்டுவந்தது இன்னொரு புதுக் கல்வி, ஏட்டுக்குப் பதில் கல்லைப் படிப்பது. மனிதனின் தொன்மைக்குக் கற்கருவிகளே சான்று என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் 1859இல்தான் பரவலாக ஏற்றார்கள். நான்கே ஆண்டுகளில், 1863 மே 30இல், ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். சேர்வராயன் மலையில் அவருக்குக் கிடைத்தவை அதற்கு வெகுகாலம் பிந்திய புதிய கற்கால வழவழப்புக் கோடரிகள். கல்லைத் தட்டி உருவாக்கி, பிறகு தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, விளிம்பை மெல்லிய வளைவாக இறக்கியவை. கையில் பிடித்தால் எந்தப் பக்கம் விரல் படிய வேண்டும் என்பதைக் கல்லே சொல்லிவிடும். மலைவாழ் மக்கள் அவற்றைப் பொறுக்கிக் கொண்டுவந்து பிள்ளையார் முன் வைத்து வணங்கினார்கள். சமவெளியில் படிக்க ஆளில்லாத ஏட்டுக்கட்டுகளைப் பூசையறையில் வைத்து, ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்ட வழக்கத்தோடு இதை ஒப்பிடலாம். இரண்டிலும் பக்தி பொருளைப் பல காலம் காப்பாற்றியது. ஆற்றுக்குப் போனவைதான் திரும்பவில்லை.

ஃபூட் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அவர் அஸ்தி ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் சேகரித்த கருவிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இலேயே வாங்கியிருந்தது. கிடைத்த இடத்தையும் கல்லின் வகையையும் ஒவ்வொன்றுக்கும் குறித்து அவர் எழுதிய விளக்கப் பட்டியல் 1914இலும், அதற்கான குறிப்புகள் 1916இலும் சென்னையில் அச்சாயின.