குருவி கேட்ட நியாயம்: குழந்தைக் கதைகளும் மீண்டெழும் திறனும்

முன்னுரை

குழந்தைகளுக்கான கதை நீதி புகட்டும் கருவி என்னும் கருத்து தமிழ்ச் சூழலில் ஆழ வேரூன்றியுள்ளது. சிறுவர் நூல்கள் பலவற்றில் கதையின் இறுதியில் நீதி தனி வரியாக நிற்பது இதன் வெளிப்பாடாகும். கதைகள் வழியே குழந்தைகளிடம் மீண்டெழும் திறனை வளர்க்கலாம் என்ற கருத்தும் இன்று கல்வியாளரிடையே வலுப்பெற்றுள்ளது. அத்திறன் கதையின் நீதியில் உள்ளதா, கட்டமைப்பில் உள்ளதா என்பதை வாய்மொழிக் கதையொன்றைக் கொண்டு ஆராய்ந்து, பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியிலுள்ள அகளிப் பகுதியின் சூழலோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடுக்குக் கதையின் அமைப்பு

தானியத்தை மரப்பிளவில் தவறவிட்ட பறவையின் கதை இந்திய மொழிகள் பலவற்றில் வழங்குகிறது. பாத்திரங்கள் வடிவத்திற்கு வடிவம் மாறுபடும். ஒரு வடிவத்தில், மரத்தைப் பிளந்து தருமாறு குருவி தச்சனிடம் வேண்டுகிறது, அவன் மறுக்கிறான். தச்சனைத் தண்டிக்குமாறு அரசனிடமும், அரசனோடு பிணங்குமாறு அரசியிடமும் முறையிடுகிறது. பின்னர்ப் பாம்பு, தடி, நெருப்பு, நீர், யானை என நாடிச் செல்கிறது. அனைவரும் மறுக்க, எறும்பு மட்டும் இசைகிறது. எறும்பு துதிக்கையில் புகுந்துவிடும் என்று அஞ்சிய யானை நீரைக் குடிக்கப் புறப்படுகிறது; நீர் நெருப்பை அணைக்கப் புறப்படுகிறது. இவ்வாறு தொடர் பின்னோக்கி அவிழ்ந்து, குருவிக்குத் தானியம் கிடைக்கிறது.

ஒவ்வொரு மறுப்பிற்குப் பின்னும் குருவி தன் குறையை முதலிலிருந்து சொல்கிறது. கேட்கும் குழந்தையும் உடன் சொல்கிறது. எட்டாவது மறுப்பு வரும்போது அது குழந்தைக்கு அதிர்ச்சியாக இராமல், எதிர்பார்த்த ஓசையாகிவிடுகிறது. கதையின் பயன் இத்திரும்பக் கூறலிலேயே உள்ளது. சுருக்கிப் பதிப்பிக்கும்போது முதலில் நீக்கப்படுவதும் இதுவே. இறுதியில் ‘பொறுமை வேண்டும்’ என நீதி சேர்ப்பது கதையைத் திரிப்பதாகும். குருவி பொறுத்துக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறது. இழந்த பொருள் தன்னுடையது என்பதில் அதற்கு ஐயமில்லை.

தொல்காப்பியச் செய்யுளியலில் கூறப்படும் பொய்ம்மொழிக்குப் பேராசிரியர் யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதையை எடுத்துக்காட்டுவது இங்கு எண்ணத்தக்கது. பெரியதும் சிறியதும் சமமாக உரையாடும் இக்கற்பனை உலகம், சிறியோர்க்கும் பேச்சுரிமை அளிக்கிறது.

துயரைச் சொல்லுதல்

ஏ. கே. இராமானுஜன் எடுத்துரைத்த தமிழ்க் கதையொன்றில், மக்களாலும் மருமக்களாலும் துன்புற்ற கைம்பெண், தன் துயரைச் சொல்ல ஆளின்றிப் பாழ்வீட்டின் சுவர்களிடம் சொல்கிறாள். சுவர்கள் ஒவ்வொன்றாக இடிகின்றன. அவள் உடல் இலேசாகிறது. குருவி கேட்டுப் பெறுகிறது; இவள் சொல்லி விடுபடுகிறாள். இரண்டிலும் மௌனமாகத் தாங்குதல் தீர்வாகவில்லை.

அகளிச் சூழல்

அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இருளமொழி தமிழுக்கு நெருக்கமானது. பள்ளியில் மலையாளம் முதன்மை பெறுகிறது. வீட்டுமொழியும் பள்ளிமொழியும் வேறுபடும் குழந்தைக்கு, தன் குறையைச் சொல்லும் முதற்கட்டத்திலேயே தடை எழுகிறது. திரும்பக் கூறும் தொடர்களை வீட்டுமொழியில் சொல்லவைப்பது இத்தடையைத் தளர்த்தும். வயநாட்டில் 2017இல் தொடங்கப்பட்ட ‘கோத்ரபந்து’ திட்டம், பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தோரைத் தொடக்கப்பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியராக அமர்த்தியது. கதைசொல்லலுக்கும் இவ்வழி ஏற்றதாகும். அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) படத்தில் இருளமொழியில் பாடிய பாடலுக்காகத் தேசிய விருது பெற்றமை, அம்மொழியின் ஆற்றலைப் பலரும் அறியச் செய்தது.

எனினும் கதை உணவிற்கு மாற்றன்று. ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய குழந்தை இறப்புகளால் 2013இல் அட்டப்பாடி நாடெங்கும் பேசப்பட்டது. அத்தகைய மண்ணில் ‘தாங்கிக்கொள்’ என்று மட்டும் கற்பிக்கும் கதை, பெரியோரின் கடமையைக் குழந்தையின் தோளில் ஏற்றிவிடும்.

முடிவுரை

மீண்டெழும் திறன் கதையின் இறுதி வரியில் இல்லை. திரும்பத் திரும்பக் கூறும் அமைப்பிலும், கேட்போர் ஒருவர் கிடைப்பார் என்ற நம்பிக்கையிலும் உள்ளது. எனவே சிறுவர்க்கான தொகுப்பாசிரியர்கள் நீதிவரியை நீக்கி, அடுக்கைக் காத்தல் வேண்டும். எறும்பு இசையும் வரை குருவியைப் பேசவிடுவதே கதைசொல்லியின் கடமையாகும்.