தூரிகை ஏந்தாத கைகள்

பெண்ணொருத்தி குழந்தையை அணைத்திருக்கும் ஓவியத்தை மாணவர் முன் வைத்து, "இஃது எதனை உணர்த்துகிறது?" என்று வினவினால், "தாய்மை" என்னும் விடை உடனே வரும். விடை தவறன்று. ஆயினும் அச்சொல் வாயில் வந்தவுடன் கண் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறது. ஓவியத்தின்மேல் பெயர்ச்சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஓவியத்திற்கு உரை காண்பது இத்துணை எளிதாயின், தீட்டியவரின் உழைப்புக்குப் பொருள்தான் என்ன?

அகப்பாட்டொன்றைப் பயிற்றுங்கால், "இது யார் கூற்று? யாரை நோக்கிய கூற்று?" என்று முதற்கண் கேட்கிறோம். அவ்விரு வினாக்களையும் ஓவியத்திடமும் கேட்டுப் பார்க்கலாம். பிரெஞ்சு ஓவியர் எலிசபெத் விழே லெ புரூன் அம்மையார் 1786ஆம் ஆண்டில் தம்மையும் தம் மகள் ஜூலியையும் தீட்டிய ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும். பாரிசு நகரத்து லூவர் அரும்பொருளகத்தில் அது காக்கப்பட்டு வருகிறது.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைக் கூறுவோம். தாய் அமர்ந்திருக்கிறார். ஆறு வயதுச் சிறுமி அவர்மேல் ஒண்டிச் சாய்ந்திருக்கிறாள். தாயின் கைகள் அவளைச் சுற்றி வளைத்திருக்கின்றன. இருவர் கண்களும் நம்மை நேரே நோக்குகின்றன. தாயின் இதழ்கள் சிறிதே விரிந்து பற்கள் தெரிகின்றன.

இன்று நமக்கு இயல்பாய்த் தோன்றும் அப்புன்னகை அன்று குற்றமாயிற்று. 1787ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் இப்படம் வைக்கப்பட்டபோது, பல் தெரிய நகைப்பது உருவோவிய மரபுக்கு ஒவ்வாத பகட்டு என்று அக்காலக் குறிப்பொன்று கடிந்துரைத்தது. அதே கண்காட்சிக்கு அம்மையார் அரசி மாரி அந்துவானெத்தை அவர்தம் மூன்று மக்களோடு தீட்டியும் அனுப்பியிருந்தார். அங்கே அரசி நகைக்கவில்லை. மூத்த மகன் வெறுந்தொட்டிலைச் சுட்டிக் காட்டுகிறான். கைக்குழந்தையான இளவரசி சோபி அவ்வாண்டு சூன் திங்களில்தான் இறந்திருந்தாள். மக்களிடையே குலைந்துபோன அரசியின் பெயரை மீட்பதற்கு அங்குத் தாய்மை ஒரு வாதமாக நிற்கிறது. ஓவியரும் ஒருவரே, ஆண்டும் ஒன்றே, பொருளும் ஒன்றே. ஆயினும் இரு தாய்மைகளும் ஒன்றல்ல. "தாய்மை" என்னும் ஒற்றைச் சொல் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, இவ்வோவியத்தின்மீது எழுந்த வலிய குற்றச்சாட்டு ஒன்றை நோக்குவோம். பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தெ பொவார், 1949இல் வெளிவந்த 'இரண்டாம் பால்' என்னும் நூலில், கலைக்குத் தம்மை முழுதும் ஈவதை விடுத்துத் தம் புன்னகை பூத்த தாய்மையைத் தீட்டித் தீட்டிச் சலியாதவர் இவர் என்ற கருத்தை எழுதினார். ஓவியம் அழகிய தற்பெருமையே என்பது இதன் சாரம்.

இக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அரசவைக் கலைக்கழகத்தில் பெண்களுக்கு நான்கே இடங்கள் இருந்தன. 1783இல் விழே லெ புரூன் அம்மையாரும் அடெலயீத் லபீய்-குயார் அம்மையாரும் ஒரே நாளில் அதில் உறுப்பினராயினர். பின்னவர் 1785இல் தம்மைத் தீட்டியபோது, கையில் தூரிகையும் வண்ணத்தட்டும் ஏந்தி, மாணவியர் இருவர் பின்னே நிற்க, தொழில் புரிபவராகவே காட்சியளித்தார். நம் அம்மையார் படத்திலோ தூரிகை இல்லை, வண்ணத்தட்டு இல்லை, குழந்தை மட்டுமே உண்டு. தொழிலை மறைத்துத் தாய்மையைக் காட்டினார் என்று சொல்லத் தோன்றுகிறதன்றோ?

இவ்விடத்தில்தான் "யாரை நோக்கிய கூற்று?" என்னும் வினா உதவுகிறது. தம் உருவைத் தாமே தீட்டுபவர்க்குக் கண்ணாடி இன்றியமையாதது. எனவே, நம்மைப் பார்ப்பதாகத் தோன்றும் அக்கண்கள் கண்ணாடியைப் பார்த்த கண்கள் என்று கொள்வதே பொருத்தம். அவை அளந்து நோக்கும் தொழிலாளியின் கண்கள். மகளை அணைத்திருக்கும் அக்கைகளே அவ்வணைப்பைத் தீட்டிய கைகளும் ஆகும். தூரிகை படத்துள் காணப்படாமைக்குக் காரணம், படம் முழுவதும் அதன் வேலையாய் இருப்பதே. ஜூலி பிறந்த 1780ஆம் ஆண்டை முதுமையில் நினைவுகூர்ந்த அம்மையார், பேறுகால வலியின் இடைவெளிகளிலும் ஓவியச் சட்டத்தின்முன் நின்றதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கலையா குழந்தையா என்று பிரித்துத் தீர்ப்பளிப்பது பொவார் அம்மையாருக்கு எளிதாயிற்று. அவ்வாறு பிரியாத வாழ்வொன்றை இவ்வோவியம் காட்டுகிறது என்பதே என் துணிபு.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. ஜூலி பின்னாளில் தாய் விரும்பாத திருமணம் செய்துகொண்டாள். இருவர்க்கும் மனம் வேறுபட்டது. 1819இல் தாய்க்கு முன்னரே மகள் மறைந்தாள். இதனை அறிந்தவர் சிலர்க்கு ஓவியத்தில் பிரிவின் நிழல் தெரியக்கூடும். அது படத்தில் உள்ளதன்று, பார்ப்பவர் கொண்டுவந்து ஏற்றியது. 1786இல் அத்துயரம் பிறக்கவே இல்லை. மூலத்தில் இல்லாததைக் கூறுவது உரையாகாது.

ஆகவே, ஓவியம் பயிற்றும் ஆசிரியப் பெருமக்கள் மூன்றைத் தனித்தனியே எழுதச் செய்வாராக: கண்ணால் கண்டது எது? வரலாற்றால் அறிந்தது எது? இவ்விரண்டிலிருந்தும் தாம் உய்த்துணர்ந்தது எது? மூன்றாவதை எழுதும் மாணவன் முதலிரண்டிலிருந்து அதற்குக் காரணம் காட்டுதல் வேண்டும். அங்ஙனம் எழுதியபின் அவன் "தாய்மை" என்ற விடைக்கே திரும்பி வரினும் வரட்டும். அப்போது அச்சொல்லுக்குள் ஒரு கண்ணாடியும், குற்றமாய்ப்போன ஒரு புன்னகையும், ஓய்வறியாத இரு கைகளும் இருக்கும்.