மஞ்சள் குழாயில் யார் மூச்சு?

வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறினால் கல்கிசை தூரமில்லை. நவம்பரில் கடல் அடங்கியதும் கொழும்புச் சுழியோடிகள் பலர் படகேறுவது அங்கேதான். 1917 பெப்ரவரியில் ஜேர்மனியின் ‘வுல்ஃப்’ போர்க்கப்பல் போட்டுவிட்டுப் போன கண்ணிவெடிகளில் சிக்கிய ‘பேர்சியஸ்’, ‘வூஸ்டர்ஷயர்’, 2012 இல் பாணந்துறைக்கு அப்பால் அமிழ்ந்த ‘தேமோபிலே சியாரா’ என்று பார்ப்பதற்குக் கப்பல்களுக்குக் குறைவில்லை. பார்க்கப் போகிறவரிடம் மூச்சுக்கு இரண்டு வாய்க்கருவிகள் இருக்கும். கறுப்பு தனக்கு. ‘ஒக்டோபஸ்’ எனப்படும் மஞ்சள், கூட வருபவருக்குக் காற்றுத் தீர்ந்தால் நீட்டுவதற்கு.

இவற்றை வாங்கும் முறைதான் எனக்கு உறுத்துகிறது. தன் வாய்க்கு நல்லது, மற்றவனுக்கு மலிவானது. வீட்டிலே விருந்தாளிக்கு நல்ல கோப்பையை எடுத்து வைக்கிற நாங்கள் தண்ணீருக்குள் இறங்கியதும் மாறிவிடுகிறோம்.

மஞ்சளைக் கடிக்கப்போகிறவர் யார்? பதறிப்போனவர். அமைதியாக இருப்பவர் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுத்தால், பதறியவர் 40 இழுப்பார்; கொடுத்தவருக்கும் அந்நேரம் அதே நிலைதான். 30 மீற்றரில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால் இருவருக்கும் நிமிடத்துக்கு 320 லீற்றர் போகும். 12 லீற்றர் சிலிண்டரில் 80 பார் மிச்சமென்றால் இருப்பதே 960 லீற்றர். மேலேற ஏறச் செலவு குறையும், உண்மைதான். ஆனால் கீழே ஒரு நிமிடம் தடுமாறினால் மூன்றிலொரு பங்கு போய்விடும். ஆக, இரண்டில் கடினமான வேலை மஞ்சளுக்குத்தான்.

மலிவானதை ஆதரிப்பவர்களிடமும் ஒரு நியாயம் உண்டு. தொங்கிக்கொண்டிருக்கும் கருவி தானாகவே காற்றைக் கக்கக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே இறுக்கி வைக்கிறார்கள். சரி, அதற்காகத் தரம் குறைய வேண்டியதில்லை. நல்ல கருவியையும் இறுக்கலாம். சிலிண்டரோடு பொருந்தி இரண்டு வாய்க்கும் காற்றுக் கொடுக்கும் ‘முதல் நிலை’க் கருவியில்தான் கஞ்சத்தனம் உண்மையாகவே கடிக்கும். சமநிலைப்படுத்தாத பிஸ்டன் வகையில் சிலிண்டர் வற்ற வற்ற மூச்சு இழுப்பது கனக்கும். ஒக்டோபஸ் தேவைப்படுவதோ பெரும்பாலும் சிலிண்டர் வற்றும் வேளையில்! எங்கள் கடலில் உறைபனி இல்லை, குளிர்நீருக்கான விலைச்சீட்டை விட்டுவிடலாம். ஆனால் மூடிய டயப்ரம் வகைக்குக் காசு கொடுக்கலாம். களனி கங்கை கொட்டாஞ்சேனைக்கு வடக்கே கொட்டும் சேறும், உப்பும் மணலும் உள்ளே போகாது.

ஒருமுறை வாடகைக்கு எடுத்த மஞ்சளை, இறங்குமுன் என் வாயில் வைத்து இழுத்தேன். முதல் மூச்சிலே பல்லில் மணல் நறநறத்தது. இரண்டாவதில் காற்றோடு தண்ணீரும் வந்தது. வெளிமூச்சு போகும் மெல்லிய ரப்பர்த் தகடு உப்பேறி மடிந்து கிடந்தது. “மச்சான், அது சும்மா தொங்கிறதுதானே, ஒருத்தரும் பாவிக்கிறதில்லை” என்றான் கூட வந்தவன். அந்தக் கருவியால் காப்பாற்றப்பட வேண்டியவன் அவன்தான்.

இதற்கு மாற்றாக, புளோரிடாவின் குகைச் சுழியோடிகளிடமிருந்து பரவிய வழக்கம் ஒன்று இருக்கிறது. சுமார் இரண்டு மீற்றர் நீளக் குழாயில் உள்ள தன் வாய்க்கருவியையே கழற்றிக் கொடுப்பது, தாடைக்குக் கீழே ரப்பர் வாரில் தொங்கும் இரண்டாவதைத் தான் கடிப்பது. கொடுப்பது வேலை செய்யும் என்பது நிச்சயம், சற்றுமுன்வரை தானே இழுத்ததல்லவா? பதறியவர் பிடுங்குவதும் பலமுறை அடுத்தவர் வாயிலிருப்பதைத்தான். இரண்டாவது தன் வாய்க்கே என்றானதும் மலிவுப் பேச்சும் அடங்கிவிடுகிறது. குறை, பழக்கம் வேண்டும் என்பது. நெரிசலான படகில், வாரத்துக்கொரு வாடகைக் கருவியோடு வருகிறவருக்கு அந்த நீளக் குழாயே கால்கட்டு. அவருக்கு மஞ்சளே போதும், தாடைக்கும் விலாவுக்கும் நடுவே இறுகச் செருகியிருந்தால்.

எந்த முறையானாலும் ஒற்றைச் சிலிண்டரில் இரண்டு வாய்க்கும் முதல் நிலை பெரும்பாலும் ஒன்றே. அது பழுதானால் அநேகமாக அடைத்துக்கொள்ளாது, திறந்துகொண்டு கொட்டும், வடிவமைப்பே அப்படி. மூச்சு வரும், சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகும். 15 மீற்றரில் அது போதுமான அவகாசம். 50 மீற்றரைத் தாண்டிக் கிடக்கும் ‘வூஸ்டர்ஷய’ருக்கு மேலே அது அவகாசமே அல்ல. அங்கே தனி முதல் நிலையோடு இன்னொரு சிலிண்டர் வேண்டும். அதற்குக் காசில்லையென்றால் அந்தக் கப்பலுக்குப் போகவேண்டாம் என்றே கூட வருபவனிடம் சொல்வேன்.