நினைவகப் பக்கங்களின் காவல்

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் லினக்ஸைக் கொண்டுவந்து சேர்த்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அது. அதன் அடியிலுள்ள கர்னல், நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாக வெட்டிப் பங்கிடுகிறது. இரண்டு நிரல்கள் ஒரே பக்கத்தைப் பார்க்கலாம். ஒன்று எழுத முனைந்தால்தான் அதற்குத் தனி நகல்.

சொல்ல எளிது. நகல் எடுத்த மறுகணமே அதே நிரலின் இன்னோர் இழை அந்த நகலை வீசியெறிந்தால்? எழுத்து மூலப் பக்கத்திலேயே விழுந்துவிடும். 2007இல் வந்த 2.6.22 பதிப்பு முதலே கர்னலில் தாக்குதலுக்கு இடம் கொடுத்த ஓட்டை இது. சாதாரணப் பயனர் இதன்வழி நிர்வாகி அதிகாரத்தையே பிடிக்க முடிந்தது. 2016 அக்டோபரில்தான் ‘டர்ட்டி கவ்’ என்ற பெயரில் உலகுக்குத் தெரிந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே இதன் வேரான சிக்கலை அடைக்கப் பார்த்தார். வேறொரு கணினி வகையில் சிக்கல் எழ, அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது.

அதனால்தான் கர்னலின் நினைவகக் குறிமுறையைச் சரிபார்ப்பவர்மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு. அடுத்தடுத்த இரு வரிகளுக்கு நடுவே வேறோர் இழை புகுந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கிறார். பக்கத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள், போட்ட பூட்டு பிழை நேரும் வழியிலும் திறக்கப்படுகிறதா என்று தேடுகிறார். நிரலை ஓட்டிப் பார்த்து மட்டும் இவற்றைக் கண்டுவிட முடியாது. கோடி முறை ஓடியும் தவறு தலைகாட்டாமல் இருக்கலாம். பொறுமையான வாசிப்புதான் வழி.

லினக்ஸின் மூலநிரல் யாருக்கும் திறந்தே இருக்கிறது. அதில் ‘எம்எம்’ என்ற கோப்புறையில் ஒரு கோப்பையாவது நிதானமாகப் படித்துப் பாருங்கள்.